ஆதன்: ஆண் குழந்தைக்கு வைக்கலாமா? வேர், பொருள், வழக்கு

#1 இளவேனில்

வணக்கம். 'ஆதன்' என்ற பெயரைப் பற்றித் தெளிவு வேண்டும். குழந்தைப் பெயர்த் தளங்களில் ஒன்று 'சூரியன்' என்கிறது, ஒன்று 'முதல்வன்' என்கிறது, இன்னொன்று 'பசுக்களை உடையவன்' என்கிறது. அகராதியைத் திறந்தாலோ 'அறிவிலி', 'குருடன்' என்று இருக்கிறது. அதைப் பார்க்கிற பெரியவர்கள் உடனே வேண்டாம் என்றுவிடுகிறார்கள்.

கேள்விகள் மூன்று. இது உண்மையிலேயே பழைய தமிழ்ப் பெயரா? பொருள் என்ன? இன்றைக்கு இதை வைத்தால் நடைமுறையில் என்னென்ன சிக்கல் வரும்?

#2 ஓட்டுச்சில்லு

முதல் கேள்விக்கு விடை: ஆம், சந்தேகமே வேண்டாம். தமிழில் எழுத்துச் சான்றோடு கிடைக்கும் மிகப் பழைய ஆண்பெயர்களில் ஒன்று இது. சான்று மூன்று வகையில் இருக்கிறது: பானையோடு, பாறை, பாட்டு.

பானையோடு: கீழடியில் தமிழ்நாடு தொல்லியல் துறை நடத்திய அகழாய்வு பற்றி 2019இல் வந்த அறிக்கை, தமிழி (தமிழ் பிராமி என்ற பழைய எழுத்து) பொறித்த 56 ஓடுகளைச் சொல்கிறது. அவற்றில் படிக்க முடிந்த பெயர்களில் 'ஆதன்', 'குவிரன்' இரண்டும் உண்டு. நொய்யல் கரையில் உள்ள கொடுமணலில் 'கண்ணன் ஆதன்' கிடைத்திருக்கிறது. ஒன்று வைகைக் கரை, மற்றது கொங்கு நாடு. ஆகவே 'ஆதன் என்பது சேரர் குடிப்பெயர், மற்றவர் வைப்பதில்லை' என்று சில இடங்களில் எழுதுவது சரியில்லை. பாண்டிய நாட்டில் ஒரு சாதாரணப் பானையின் தோள்பகுதியில், சுட்டு முடித்த பிறகு கூரிய முனையால் கீறியிருக்கிறார்கள். 'இது என் பானை' என்று உடைமை காட்ட எழுதியது. அரசன் பெயரை அப்படி எழுத மாட்டார்கள்.

காலம் பற்றி ஓர் எச்சரிக்கை. கீழடியில் 353 செ.மீ. ஆழத்தில் எடுத்த கரிம மாதிரிக்குக் கி.மு. 580 என்று ஆண்டு வந்தது. அது அந்த மண்ணடுக்கின் மாதிரிக்கு உரிய ஆண்டு. 'ஆதன் என்ற பெயர் கி.மு. 580இல் எழுதப்பட்டது' என்று படம் போட்டுப் பரப்புகிறார்கள். பெயர் உள்ள ஓடு வேறு, தேதி எடுத்த கரி வேறு. இரண்டையும் ஒட்டிவிடாதீர்கள்.

#3 கருவூர்க்கல்

பாறைச் சான்றை நான் சேர்க்கிறேன். கரூர் மாவட்டம் புகளூர் அருகே ஆறுநாட்டார் மலை. குகைத்தளத்தில் சமணத் துறவிக்குக் கற்படுக்கை வெட்டிக் கொடுத்த செய்தி:

'கோ ஆதன் செல்லிரும்பொறை மகன் பெருங்கடுங்கோன் மகன் இளங்கடுங்கோ இளங்கோ ஆக அறுத்த கல்'

தாத்தன், அப்பன், பேரன் என மூன்று தலைமுறை ஒரே வாக்கியத்தில். பேரன் இளவரசுப் பட்டம் ஏற்றபோது வெட்டிய கல். தாத்தன் பெயரில் 'ஆதன்' நிற்கிறது. சேர மன்னர்களைப் பாடும் சங்க நூலான பதிற்றுப்பத்தின் 7ஆம் பத்து கபிலர் பாடியது, தலைவன் செல்வக்கடுங்கோ வாழியாதன். 8ஆம் பத்துக்குப் பெருஞ்சேரல் இரும்பொறை, 9ஆம் பத்துக்கு இளஞ்சேரல் இரும்பொறை. கல்வெட்டில் உள்ள மூவரும் இந்த மூவரே என்று கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் அடையாளம் காட்டினார். கல்வெட்டைப் பொதுவாகக் கி.பி. 2ஆம் நூற்றாண்டு அளவில் வைப்பார்கள். பாட்டும் கல்லும் ஒரே குடும்பத்தைச் சொல்வது தமிழில் அரிதிலும் அரிது. ஒரு பெயரைத் தேர்ந்தெடுக்க இதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தோன்றவில்லை.

#4 நாள்தோறும்தமிழ்

ஆதன் = ஆதவன் = சூரியன் தானே? சுருக்கம்தான். இதில் என்ன குழப்பம்?

#5 புள்ளிமயங்கி

@நாள்தோறும்தமிழ், இல்லை. 'ஆதவன்' வடமொழியின் 'ஆதபம்' (வெயில்) தமிழில் 'ஆதவம்' ஆகி, அதோடு 'அன்' சேர்ந்து வந்தது. நடுவில் உள்ள 'வ' சொல்லின் பகுதி. அதைத் தூக்கி எறிந்துவிட்டுச் சுருக்கம் என்று சொல்ல முடியாது. 'ஆதன்' எங்கும் சூரியனைக் குறித்து வந்ததில்லை. தளங்களில் ஒருவர் ஒரு முறை தவறாகப் போட்டதை மற்றவர்கள் அப்படியே எடுத்து ஒட்டியிருக்கிறார்கள்.

'முதல்வன்' என்பது 'ஆதி'யிலிருந்து கட்டியது. 'ஆதி'யோடு 'அன்' சேர்ந்தால் 'ஆதியன்' என்றுதான் வரும், 'ஆதன்' வராது.

'பசுக்களை உடையவன்' என்பதற்குப் பின்னால் ஒரு தலபுராணம் இருக்கிறது. சுவாமிமலை பக்கத்தில் உள்ள திருவாதனூர் திவ்யதேசத்தில் காமதேனு தவம் செய்ததாகச் சொல்வார்கள், அதனால் 'ஆ + தன் + ஊர்' என்று பிரிப்பார்கள். பக்திக்கு அழகான விளக்கம். ஆனால் ஆதனூர் என்ற பெயரில் தமிழ்நாட்டில் பல ஊர்கள் உண்டு. பெரியபுராணத்தில் நந்தனார் பிறந்த ஊரும் மேற்காநாட்டு ஆதனூர்தான். சாத்தனூர், கீரனூர் போல ஓர் ஆளின் பெயரால் அமைந்த ஊர் என்று கொள்வதுதான் நேரான வழி. ஊர்ப்பெயரைப் பிரித்து ஆட்பெயருக்குப் பொருள் தேடுவது தலைகீழ் வேலை.

#6 இளவேனில்

சரி, தவறான பொருள்கள் போகட்டும். சரியான பொருள் எது? அகராதியில் உள்ள 'அறிவிலி'யை எப்படி எடுத்துக்கொள்வது?

#7 புள்ளிமயங்கி

கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சங்க இலக்கியத்திலும் தொல்காப்பியத்திலும் 'ஆதன்' ஓர் இயற்பெயர். சாத்தன், கொற்றன், பூதன், கீரன் போல ஆளைச் சுட்டுவதற்கு வைத்த பெயர். எந்தப் பாட்டும் 'ஆதன் என்றால் இன்னது' என்று விளக்கவில்லை. யாரும் அதைப் பண்புச் சொல்லாகப் பயன்படுத்தவும் இல்லை. 'இளங்கோ' என்றால் இளவரசன் என்று பிரித்துச் சொல்லிவிடலாம். 'ஆதன்' பிரிபடாத பெயர். ஆகவே பெயர் அட்டையில் 'பொருள்' என்ற கட்டத்தில் எழுத வேண்டுமானால், 'சங்ககாலத் தமிழ் இயற்பெயர். சேர மன்னர், வள்ளல்கள், புலவர் பெயர்களில் வருவது' என்று எழுதுங்கள். அது பொய்யில்லாத பொருள்.

அகராதிக்கு வருவோம். 1924 முதல் 1936 வரை வெளியான சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி பல நூற்றாண்டுச் சொற்களை ஒரே வரிசையில் அடுக்குகிறது. அதில் 'ஆதன்' உயிர் என்றும் வரும், அறிவில்லாதவன், குருடன் என்றும் வரும். 'ஆதர்' என்ற பன்மை பிற்கால நூல்களில் அறிவிலார் என்ற பொருளில் புழங்கியது. அது வேறு சொல், ஒலி மட்டும் ஒன்று. 'வேழம்' யானையும் ஆகும், நாணலும் ஆகும், மூங்கிலும் ஆகும். அதற்காக யானையை நாணல் என்கிறோமா? ஒரு மன்னனை 'இமயவரம்பன் நெடுஞ்சேரலாதன்' என்று குமட்டூர்க் கண்ணனார் பத்துப் பாட்டுப் பாடுகிறார். பட்டப்பெயரோடு சேர்த்து முட்டாள் என்று பாடிப் பரிசு வாங்கியிருக்க முடியாது.

இன்னொன்று. திரிகடுகம் பாடியவர் நல்லாதனார். 'நல்' அடை சேர்ந்த ஆதன். சங்க காலத்துக்குப் பிறகும் நீதி நூல் எழுதும் புலவர் ஒருவர் இந்தப் பெயரோடு இருந்திருக்கிறார். அப்போதும் இது மதிப்பான பெயர்தான்.

வீட்டுப் பெரியவர்களிடம் பேசும்போது அகராதியை மறைக்காதீர்கள். பக்கத்தைக் காட்டி, கூடவே நல்லாதனார் பெயரையும் சேரலாதன் பெயரையும் காட்டுங்கள். மறைத்துவிட்டு, பிறகு வேறு யாரோ காட்டினால்தான் பெயரே கசந்துபோகும்.

#8 தொலைவானம்

ஆதாம், ஆதம் என்பதும் இதுவும் ஒன்று என்று ஒரு காணொளியில் பார்த்தேன். 'முதல் மனிதனே தமிழன்' என்ற மாதிரி.

#9 ஓட்டுச்சில்லு

ஒன்றில்லை. ஆதாம் எபிரேயச் சொல், மண்ணைக் குறிக்கும் 'அதாமா'வோடு உறவு. அங்கே 'ம்' வேரின் பகுதி. இங்கே 'அன்' தமிழ் ஆண்பால் ஈறு. தமிழியில் இந்த 'ன'வுக்குத் தனி வடிவமே உண்டு. வடக்கே அசோகர் கல்வெட்டில் இல்லாத, தமிழுக்கென்று அமைத்த எழுத்துகளில் ற, ழ, ள, ன நான்கும் சேரும். ஓட்டில் அந்த 'ன'வைப் பார்த்ததும் இது தமிழ்ப் பெயர் என்று தெரிந்துவிடும்.

ஓட்டுப் படத்தைப் பார்க்கிறவர்களுக்கு ஒரு குறிப்பு. பழைய தமிழியில் மெய்க்குப் புள்ளி இராது. ஆகவே எழுத்துக்கு எழுத்து படித்தால் 'ஆதன' என்று தோன்றும். மேலும், மிகப் பழைய எழுத்துமுறையில் மெய்யின் மேல் இடும் சிறு கோடு 'த'வுக்கும் 'தா'வுக்கும் பொதுவாக வரும். அதனால் ஒருவர் 'ஆதான்' என்று படித்தாலும் அவர் கண்ணைக் குறை சொல்ல முடியாது. முறை தெரிந்து படித்தால் 'ஆதன்'. இணையத்தில் சிலர் 'கீழடியில் ஆதான் என்றே உள்ளது' என்று வாதிடுவது இந்தக் கோட்டை வைத்துத்தான்.

#10 சிறைக்குடி

பிசிராந்தையாரின் இயற்பெயரும் ஆதன்தான் என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பிசிர் அவர் ஊர்.

#11 புள்ளிமயங்கி

@சிறைக்குடி, கிட்டத்தட்டச் சரி. ஆனால் ஒரு தலைமுறை தள்ளிவிட்டீர்கள். இந்தப் பெயரின் வரலாற்றிலேயே மிக ருசியான இடம் இதுதான்.

தொல்காப்பியம் எழுத்ததிகாரம், புள்ளிமயங்கியலில் 'தந்தை' என்ற சொல் ஆட்பெயரோடு சேரும் விதி இருக்கிறது. முதலில் பொது விதி. சாத்தன் + தந்தை: 'தந்தை'யின் முதல் 'த்' போய் 'அந்தை' மிஞ்சும், 'சாத்தன்' தன் 'அன்'ஐ இழந்து 'சாத்த்' ஆகும். இரண்டும் சேர்ந்தால் சாத்தந்தை. கொற்றன் + தந்தை = கொற்றந்தை, இதே கணக்கு.

அடுத்த நூற்பா இரண்டே இரண்டு பெயருக்கு மட்டும் விலக்குச் சொல்கிறது:

'ஆதனும் பூதனும் கூறிய இயல்பொடு
பெயரொற்று அகரம் துவரக் கெடுமே'

அதாவது மேலே சொன்னது எல்லாம் நடக்கும். அதற்கு மேல், பெயரில் மிஞ்சிய 'த்'தும் 'அந்தை'யின் 'அ'வும் முழுதாகக் கெடும். ஆதன் + தந்தை → ஆத் + அந்தை → ஆ + ந்தை = ஆந்தை. பூதன் + தந்தை = பூந்தை.

ஆக, ஆந்தை என்றால் ஆதனின் தந்தை. பிசிராந்தையார், பிசிரில் வாழ்ந்த, ஆதனுக்குத் தந்தையானவர். மகன் பெயரால் அப்பனை அழைக்கும் வழக்கம். பறவையின் பெயர் என்று நினைத்துப் பள்ளிப் பிள்ளைகள் சிரிக்கிறார்கள், பாவம், யாரும் இந்த நூற்பாவைச் சொல்லிக் கொடுப்பதில்லை.

ஓர் இலக்கண ஆசிரியர் இரண்டு பெயரை மட்டும் பிரித்தெடுத்துத் தனி நூற்பா எழுதுகிறார் என்றால், அவ்விரண்டும் தெருவுக்குத் தெரு இருந்திருக்க வேண்டும். வாய் ஓயாமல் சொன்ன பெயர்தான் இவ்வளவு தேயும். சாத்தன்கூட இந்த அளவு தேயவில்லை. புழக்கம் எவ்வளவு என்று கேட்டால், அந்தக் காலத்துக்கு இதுவே கணக்கெடுப்பு.

இதே அமைப்பில் சிறைக்குடி ஆந்தையார் (உங்கள் பெயரிலேயே இருக்கிறார்), அஞ்சிலாந்தையார், ஐங்குறுநூற்றில் பாலை பாடிய ஓதலாந்தையார் எல்லாரும் உண்டு. கொங்கு நாட்டில் இன்றும் சாத்தந்தை, ஆந்தை என்று கூட்டப் (குலப்) பெயர்கள் வழங்குகின்றன.

#12 சிறைக்குடி

திருத்தத்துக்கு நன்றி ஐயா. அப்படியானால் புறம் 71இல் ஒரே பாட்டில் 'மன்எயில் ஆந்தையும்', 'ஆதன் அழிசியும்' என்று இரண்டும் வருகின்றனவே?

#13 புள்ளிமயங்கி

ஆமாம், ஒல்லையூர் தந்த பூதப்பாண்டியன் பாட்டு. தன் உயிர் நண்பர்களை வரிசையாகச் சொல்லி, பகைவரை வெல்லாவிட்டால் இவர்களோடு கூடி மகிழும் வாழ்வை இழப்பேன் என்று வஞ்சினம் கூறுகிறான். பாடியவன் பூதன், பட்டியலில் ஓர் ஆந்தை, ஓர் ஆதன். தொல்காப்பியர் சொன்ன இரண்டு பெயரும் ஒரே பாட்டில் கூடி நிற்கின்றன.

'ஆதன் அழிசி'யை ஆதனின் மகன் அழிசி என்று கொள்வார்கள். 'ஆதன் எழினி', கொல்லிமலை வள்ளல் 'ஆதன் ஓரி' (புறம் 153) எல்லாம் அதே வரிசை. அப்பன் பெயர் முன்னே, பிள்ளை பெயர் பின்னே. கொடுமணல் 'கண்ணன் ஆதன்' என்பதையும் இப்படியே படித்தால் கண்ணன் மகன் ஆதன். இன்று 'க. ஆதன்' என்று எழுதினால் கொடுமணல்காரர் எழுதிய அதே பெயரை எழுதுகிறோம், முன்னெழுத்தாகச் சுருக்கி. எந்த இந்திய மொழியிலும் இவ்வளவு அறுபடாமல் ஒரு பெயரிடும் முறை வந்திருக்கிறதா என்று நினைத்தால் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

#14 தேடுபொறி

வழக்கு பற்றிச் சொல்கிறேன். 'இந்தியாவில் இந்தப் பெயர் இத்தனை பேருக்கு' என்று எண் போடும் தளங்களை நம்ப வேண்டாம். இங்கே பிறப்புப் பதிவிலிருந்து ஆண்டுதோறும் பெயர் வரிசை வெளியிடும் வழக்கம் இல்லை. அமெரிக்கச் சமூகப் பாதுகாப்பு நிர்வாகம் வெளியிடுகிறது. ஆனால் ஓராண்டில் 5 பேருக்குக் குறைவான பெயரைத் தனியுரிமைக்காக விட்டுவிடும். இங்கிலாந்து, வேல்ஸ் புள்ளியியல் அலுவலகம் 3க்குக் குறைந்ததை விட்டுவிடும். அரிய பெயர் என்றால் அந்தக் கோட்டுக்குக் கீழே விழ நிறைய வாய்ப்பு. இன்னொரு சிக்கல், அவர்கள் ரோமன் எழுத்துக்கூட்டலை எண்ணுகிறார்கள், பெயரை அல்ல. ஒரே ஆதனை நான்கு விதமாக எழுதினால் நான்கு பெயர். வேறு மொழிப் பெயர் ஒன்று அதே எழுத்தில் வந்தால் இரண்டும் கலந்துவிடும்.

தமிழ்நாட்டில் ஓரளவு பார்க்க வாக்காளர் பட்டியல் உதவும். ஆனால் கவனிக்க வேண்டியவை:

அதில் 18 வயது நிரம்பியவர்கள் மட்டுமே. கடந்த சில ஆண்டுகளில் பிறந்த ஆதன்கள் ஒருவரும் இருக்க மாட்டார்கள். புதுப் போக்கை அதில் காண முடியாது.

பட்டியல்கள் படக்கோப்பாக வருவதால் எழுத்துணரி (படத்தில் உள்ள எழுத்தைப் படிக்கும் மென்பொருள்) போட்டுத்தான் தேட வேண்டும். எழுத்துணரி 'ஆ'வின் சுழியைத் தவறவிட்டு 'அதன்' ஆக்கும். 'அதன்' சாதாரணச் சொல் என்பதால் பிழைதிருத்தியும் பிடிக்காது. நேர்மாறாக 'ஆதன்' என்று தேடினால் ஆதனூர் என்ற முகவரி எல்லாம் வந்து குவியும். சொல் எல்லை வைத்துத் தேட வேண்டும். அப்படித் தேடும்போது சேரலாதன் விழாது. அதில் 'ஆ' கிடையாது, 'லா' என்ற உயிர்மெய் ஆகிவிட்டது. அதைத் தனியாகத் தேடுங்கள்.

சிலர் 'ஆ' தட்டத் தெரியாமல் 'அ'வும் காலும் தனித்தனியே தட்டியிருப்பார்கள். கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கும், கணினிக்கு வேறு. சரியாகத் தட்டிய 'ஆதன்' நான்கு ஒருங்குறி (யூனிகோட்) எண்கள்: ஆ, த, ன, மேற்புள்ளி. ஐந்து வந்தால் பிழை. சான்றிதழ் விண்ணப்பத்திலும் இதைச் சரிபாருங்கள். பின்னால் பெயர் பொருந்தவில்லை என்று கணினி தள்ளும்போது காரணமே பிடிபடாது.

#15 நாள்தோறும்தமிழ்

தனித்தமிழ் இயக்கத்தில் இவ்வளவு பேர் பழைய பெயருக்கு மாறினார்களே, இது ஏன் பிடிக்கவில்லை?

#16 கருவூர்க்கல்

நல்ல கேள்வி. 1916இல் மறைமலையடிகள் தொடங்கி வைத்த அலையில், பொருள் பளிச்சென்று தெரியும் பெயர்களே முன்னுக்கு வந்தன. வேதாசலம் மறைமலை ஆனது சொல்லுக்குச் சொல் மொழிமாற்றம். இராமையா அன்பழகன் ஆனார், நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனார். மேடையில் ஏறும் பெயருக்கு நீளமும் முழக்கமும் தேவைப்பட்டன. 'ஆதன்' மூன்றே எழுத்து, விளக்கம் சொல்ல முடியாத பெயர். ஆகவே அது தனியாக வரவில்லை. சேரலாதன், நெடுஞ்சேரலாதன் என்ற கூட்டுப் பெயர்களுக்குள் ஒளிந்து வந்தது. இன்று சேரலாதன் என்று பெயர் உள்ளவர்கள் அங்கங்கே உண்டு. தனி ஆதன் அரிது. அந்த 'அரிது'தான் இப்போது பெற்றோரை இழுக்கிறது என்று நினைக்கிறேன்.

#17 இளவேனில்

மூவருக்கும் மிக்க நன்றி. நடைமுறைப் பகுதி: ஆங்கில எழுத்துக்கூட்டல், பதிவு, முன்னெழுத்து. யாராவது சொல்ல முடியுமா?

#18 பதிவேடு

பதிவு வேலை தெரிந்தவன் என்ற முறையில் வரிசையாகச் சொல்கிறேன்.

எழுத்துக்கூட்டல். இரண்டு உயிருக்கு நடுவில் வரும் 'த' மென்மையாக ஒலிக்கும், அதைக் காட்ட 'டி-ஹெச்' (dh) போடுவது நல்லது. அதற்குப் பதில் 'தமிழ்' எழுதப் பயன்படும் 'டீ'யோடு 'ஹெச்' (th) போட்டால், வெளிமாநிலத்தவர் 'ஆத்தன்' என்பார்கள். வெறும் 'டி' (d) போட்டால் 'ஆடன்' ஆகும். முதலில் ஒரு 'ஏ' மட்டும் போட்டு 'ஏ-டி-ஹெச்-ஏ-என்' (Adhan) என்று எழுதினால், அது தொழுகைக்கு அழைக்கும் பாங்குக்கு வழங்கும் 'அதான்' என்ற அரபுச் சொல்லின் எழுத்துக்கூட்டல் ஆகிவிடும். உலகம் முழுக்க அப்படித்தான் படிப்பார்கள். 'ஏ-டி-இ-என்' (Aden) என்பது ஏடன் துறைமுக நகரம். ஆகவே 'ஏ-ஏ-டி-ஹெச்-ஏ-என்' (Aadhan) என்ற ஆறு எழுத்தே பாதுகாப்பு.

ஒருமுறை முடிவு செய்தால் பிறப்புச் சான்றிதழ், ஆதார், பள்ளிப் பதிவு, கடவுச்சீட்டு எல்லாவற்றிலும் ஒரே கூட்டல். 'ஏ' ஒன்றா இரண்டா என்ற வேறுபாட்டிலேயே பாதித் திருத்த விண்ணப்பங்கள் பிறக்கின்றன.

பதிவு. பிறப்பை 21 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். பெயர் முடிவாகவில்லை என்றால் பெயரில்லாமலே பதிந்துவிடலாம். பிறப்பு பதிவான நாளிலிருந்து 12 மாதத்துக்குள் கட்டணமில்லாமல் பெயர் சேர்க்கலாம். அதன் பிறகு தாமதக் கட்டணத்தோடு 15 ஆண்டு வரை சேர்க்கலாம். அவசரப்பட்டு ஒரு பெயரைக் கொடுத்துவிட்டு மாற்ற நினைப்பதுதான் தவறு. சேர்ப்பது எளிது, சேர்த்ததை மாற்றுவது கடினம். எழுத்துப்பிழை திருத்தம் வேறு, பெயரையே மாற்றுவது வேறு. பின்னதற்கு அரசிதழ் வரை போக வேண்டும். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்தவர்களுக்குப் பிறந்த தேதி, இடத்துக்குப் பிறப்புச் சான்றிதழே ஆதாரம் என்று சட்டத் திருத்தம் வந்துவிட்டதால் இந்த ஒரு தாளில் கவனம் முன்னைவிட அதிகம் வேண்டும்.

விண்ணப்பத்தில் தமிழ்க் கட்டத்தையும் நீங்களே நிரப்புங்கள். ஆங்கிலத்தைப் பார்த்துத் தமிழில் தட்டுகிறவர் பழக்கத்தில் 'ஆதவன்' என்றோ 'ஆதித்யன்' என்றோ அடித்துவிட வாய்ப்புண்டு. அச்சிடும் முன் திரையைக் காட்டச் சொல்லி, நடுவில் 'வ' இல்லை என்று பார்த்துவிடுங்கள்.

ஒற்றைப் பெயர்ச் சிக்கல். கடவுச்சீட்டில் குடும்பப்பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டால் அமெரிக்க விசாவில் 'முதற்பெயர் தெரியாது' என்ற குறி வந்து உட்காரும். ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில், ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள கடவுச்சீட்டோடு வரும் சுற்றுலாப் பயணியை அனுமதிப்பதில்லை என்று அறிவித்தது. ஆகவே முன்னெழுத்தை விரித்து, தந்தை அல்லது தாய் பெயரைக் குடும்பப்பெயர்க் கட்டத்தில் போடுங்கள்.

முன்னெழுத்து. இது உயிரெழுத்தில் தொடங்கும் பெயர். முன்னெழுத்து நெடிலாக இருந்தால் வேகமாகச் சொல்லும்போது ஒட்டிக்கொள்ளும். 'நா. ஆதன்' என்பது காதில் 'நாதன்', 'மா. ஆதன்' என்பது 'மாதன்'. தொலைபேசியில் சொல்லும்போது முன்னெழுத்துக்குப் பின் ஒரு கணம் நிறுத்தச் சொல்லிக் கொடுங்கள்.

#19 தொலைவானம்

'ஆதன்' ரொம்பச் சின்னதாக இருக்கிறது என்றால் முன்னால் ஏதாவது சேர்க்கலாமா? வெல் + ஆதன் மாதிரி?

#20 புள்ளிமயங்கி

தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். வெல் + ஆதன் = வெல்லாதன். கேட்கிறவர் காதில் 'வெல்லாதவன்'. தமிழில் வினைப்பகுதிக்குப் பின் 'ஆத' வந்தால் அது எதிர்மறை. வாழ் + ஆதன் = வாழாதன், பாடு + ஆதன் = பாடாதன், எல்லாம் விபரீதம். பழையவர்கள் இதை நன்றாக அறிந்திருந்தார்கள். 'வாழாதன்' ஆக்காமல் 'வாழி' என்ற வாழ்த்தோடு சேர்த்து 'வாழியாதன்' என்றார்கள். ஒரே ஓர் இகரம் சாபத்தை வாழ்த்தாக்கிவிட்டது.

சேர்ப்பதென்றால் பெயர்ச்சொல்லோடு அல்லது பண்போடு சேருங்கள். நல் + ஆதன் = நல்லாதன். தனிக்குறிலை அடுத்த மெய் இரட்டிக்கும், பொன் + ஆதன் = பொன்னாதன் என்பதும் அப்படியே. சேரல் + ஆதன் = சேரலாதன், இங்கே இரட்டிக்காது. தமிழ் + ஆதன் = தமிழாதன். ஓய்மான் நல்லியாதன் என்ற பெயரே புறம் 376இல் இருக்கிறது, நான்கு எழுத்துக்கு மேல் வேண்டுவோர் அதை எடுத்துக்கொள்ளலாம்.

என் கருத்து: ஒன்றும் சேர்க்காமல் ஆதன் என்றே விடுங்கள். ஐங்குறுநூற்றின் முதல் பத்துப் பாட்டும் 'வாழி ஆதன் வாழி அவினி' என்றுதான் தொடங்குகின்றன. முதல் பாட்டில் அடுத்த அடி 'நெற்பல பொலிக பொன்பெரிது சிறக்க'. பிள்ளைக்கு வாழ்த்து எழுத வேறு எங்கும் தேட வேண்டாம்.

#21 இளவேனில்

கடைசியாக ஒன்று. வீட்டில் கூப்பிடும்போது 'ஆதா' என்றுதானே வரும்? வடமாநிலத்தில் இருப்பவர்களுக்கு 'பாதி' என்று கேட்குமே.

#22 புள்ளிமயங்கி

இந்தியில் 'ஆதா' பாதிதான், உண்மை. அங்கே வளரும் பிள்ளை என்றால் 'ஆதன்' என்று முழுதாகவே கூப்பிடுங்கள், பெயரை மாற்றாமல் அழைக்கும் இயல்பு விளியும் தமிழில் உண்டு.

ஆனால் தமிழில் இரண்டு விளி இருக்கிறது. 'அன்' ஈற்றுப் பெயர் விளியில் 'ஆ' ஆகும், அண்மையில் இருப்பவரை அழைத்தால் 'அ' ஆகும் என்று தொல்காப்பியம் விளிமரபு சொல்கிறது. தெருமுனையில் விளையாடுகிறவனை 'ஆதா!', மடியில் இருக்கிறவனை 'ஆத'. இரண்டாவது இன்று பேச்சில் அருகிவிட்டது. கள்ளில் ஆத்திரையனார் தம் வள்ளல் ஆதனுங்கனை அப்படித்தான் அழைக்கிறார், புறம் 175: 'எந்தை வாழி ஆதனுங்க, என் நெஞ்சம் திறப்போர் நிற்காண்குவரே.' என் நெஞ்சைத் திறந்து பார்ப்பவர் உள்ளே உன்னைக் காண்பார் என்கிறார். அவ்வளவு பக்கத்தில் வைத்து அழைப்பதால்தான் அங்கே நெடில் இல்லை.